தைகோவைக் கலக்கலாமா, எப்படிக் கலப்பது?

இங்கே ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: ஜப்பானிய தைகோ முரசுக் குழு ஒன்று டிட்ஜெரிடூவோடும் (ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மர ஊதுகுழல்) எலெக்ட்ரானிக் இசையோடும் சேர்ந்து வாசித்த காணொளியைப் பார்த்தாராம். கேட்க அருமையாக இருந்ததாம். ஆனால் இரண்டாயிரம் வருட மரபை இப்படிப் போட்டுக் கலக்குவது சரியா, தன்னுடைய சிறு இசைக்குழுவிலும் அப்படி முயன்று பார்க்கலாமா என்று கேட்கிறார். சரியா தவறா என்பதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம், சரிதான். ஆனால் அவருக்கு உள்ளூர உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். எதை எடுத்துவிட்டால் தைகோ தைகோவாக இருக்காது? முரசையா, தாளத்தையா, உடையையா, ஊரையா? அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் ஓர் ஊர்க் குழுவோடு சேர்ந்து சில ஆண்டுகள் தைகோ பழகினேன். இப்போது பெரும்பாலும் தாளவாத்தியக் குழுக்களுக்கு மேடை ஒலியமைப்பு செய்கிறேன். நோ, கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடக மேடைகளின் முரசு மரபை குருவிடம் இருந்து முறையாகக் கற்றவன் அல்ல. அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு கவனமான ரசிகன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் வருடக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஜப்பானில் முரசு மிகப் பழையது என்பதில் சந்தேகம் இல்லை. குன்மா மாகாணத்தில் கிடைத்த, சுமார் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுடுமண் உருவம் ஒன்று முரசைத் தொங்கவிட்டு அடித்துக்கொண்டு நிற்கிறது. கோயில், அரண்மனை, போர்க்களம், அறுவடைத் திருவிழா, நாடக மேடை எல்லாவற்றிலும் முரசு இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் காணொளியில் பார்த்தது போல, பத்துப் பேர் பல அளவு முரசுகளைச் சுற்றி நின்று முழுநீள இசை நிகழ்ச்சியாக வாசிக்கிறார்களே, அந்த வடிவத்துக்கு வயது முக்கால் நூற்றாண்டுதான். அதைத் தொடங்கிவைத்தவர் ஓகுச்சி தைஹாச்சி என்ற ஜாஸ் டிரம்மர்.

நகானோ மாகாணத்தில் ஒகாயா என்ற ஊர்க்காரர் அவர். சுவா ஆலயத்துக்காக வாசிக்கப்பட்ட முரசு இசையின் பழைய குறிப்பு ஒன்று உறவினர் மூலம் அவர் கைக்கு வந்தது. அதைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரின் உதவியோடு வாசித்துப் பார்த்தபோது, ஜாஸ் பழகிய அவர் காதுக்கு அது மிக எளிமையாகப் பட்டது. இத்தனை அளவு முரசுகள் இருந்தும் ஏன் யாரும் சேர்ந்து வாசிப்பதில்லை என்று யோசித்தார். 1951-ல் ஓசுவா தைகோ குழு உருவானது. அவர் செய்த வேலையை எளிதாகச் சொன்னால், ஒரு டிரம் செட்டைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். உச்சக் குரலில் விடாமல் ஓடும் சிறிய ஷிமே முரசு ஸ்நேர் ஆனது. ராட்சச ஓதைகோ பாஸ் டிரம் ஆனது. நடுவில் இருக்கும் நகாதோ முரசுகள் டாம்-டாம் ஆயின. ஆக, எந்த 'மரபை' வெளி இசையோடு கலக்கலாமா என்று கேட்கிறோமோ, அந்த மரபே பிறப்பிலேயே ஒரு கலப்பு. அமெரிக்கக் கருப்பின மக்களின் இசையைக் கற்ற ஒரு ஜப்பானியர், ஊர்த் திருவிழாத் தாளத்தை எடுத்து ஜாஸ் கட்டமைப்பில் வைத்தார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959-ல் டோக்கியோவில் சுகெரோக்கு தைகோ உருவானது. கோடைக்காலத்தில் முன்னோரை நினைத்து ஆடும் 'போன்' நடனங்களில் முரசு வாசித்த இளைஞர்கள் அவர்கள். முரசைச் சாய்த்து வைத்து, உடம்பை வளைத்து, கோல்களைச் சுழற்றி அடிக்கும் பாணி அங்கிருந்து வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கலைவிழாவில் ஓசுவா தைகோ வாசித்ததும் தைகோ தேசிய அடையாளமாக மாறத் தொடங்கியது. 1969-ல் டென் தகாயாசு சாதோ தீவில் ஒன்தெகோஸா என்ற கம்யூன் போன்ற குழுவை ஆரம்பித்தார். ஓட்டப் பயிற்சியும் முரசும் ஒன்று என்பது அவர் கொள்கை. 1975-ல் அவர்கள் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த கையோடு முரசடித்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. 1981-ல் டெனிடமிருந்து பிரிந்த உறுப்பினர்கள் அதே தீவில் கோடோ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். முதல் மேடை பெர்லினில். இன்று உலகம் 'பாரம்பரிய ஜப்பானிய முரசு' என்று நினைக்கும் பிம்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு குழுக்கள் உருவாக்கியது.

பிம்பம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள சிச்சிபு நகரில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 2, 3 தேதிகளில் இரவுத் திருவிழா நடக்கிறது. அலங்காரத் தேர்கள் ஊர்வலம் போகும். தேருக்குள்ளே மறைவாக உட்கார்ந்து முரசு வாசிப்பார்கள். வெளியே நிற்பவருக்கு ஆள் தெரியாது, ஒலி மட்டும் வரும். அந்த ஒலியில்தான் இழுப்பவர்களுக்கு வேகம். ஒன்தெகோஸா இந்த வாசிப்பைக் கற்று, மறைவிலிருந்து எடுத்து மேடை வெளிச்சத்தில் வைத்தது. வெற்றுடம்போடு, பின்னோக்கிச் சாய்ந்து, வயிற்றுத் தசை இறுக அடிக்கும் காட்சியாக அது ஆனது. இசையும் நீண்டது, வேகமும் கூடியது. ஓதைகோவுக்கு முன்னால் கோவணத்தோடு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற தோற்றம் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டான் கொடுத்த யோசனை என்ற கதை தைகோ வட்டாரத்தில் பரவலாக உண்டு. கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி ஓதைகோவை நேருக்கு நேர் நின்று அடிக்கும் தனி வாசிப்பை வளர்த்தவர் ஒன்தெகோஸாவிலிருந்த ஹயாஷி எய்தெட்சு என்பது உறுதி.

சந்தேகத்துக்குரிய இன்னும் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தைகோ பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் 'முரசொலி எட்டும் தூரம்தான் பழைய ஜப்பானிய கிராமத்தின் எல்லை' என்று இருக்கும். அழகான வரி. ஆதாரம் கேட்டால் யாரும் காட்டுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் தகேதா ஷிங்கென் என்ற படைத் தலைவர் முரசுப் படை வைத்திருந்தார், அதன் நேர் வாரிசு இன்றைய மேடைத் தைகோ என்பதும் அதே ரகம். போரில் முரசு இருந்தது உண்மை. அங்கிருந்து இன்றைய மேடை வரை அறுபடாத நூல் ஒன்று ஓடுகிறது என்று சொல்வதுதான் இழுவை. குழுக்களின் நிகழ்ச்சித் தாள்களில் இவை வரும்போது பக்தி இலக்கியமாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, பிறப்பிலேயே கலப்பு என்றால் எதை வேண்டுமானாலும் எதோடும் கலக்கலாமா? அங்கேதான் நான் கொஞ்சம் கறாராகிவிடுகிறேன். தைகோவில் தொடக்கூடாத ஒன்று இருக்கிறது என்றால், என் அனுபவத்தில் அது முரசும் அல்ல, உடையும் அல்ல. காலத்தை அவர்கள் கையாளும் விதம்தான்.

தைகோவில் அடித்தளமாக ஓடும் தாளத்தை ஜியுச்சி என்பார்கள். பெரும்பாலும் ஷிமேயில் ஒருவர் அதை விடாமல் வாசிப்பார். வாயால் சொன்னால் 'தோன் தோகோ தோன் தோகோ' என்று வரும். முரசுச் சொற்களை முதலில் வாயால் சொல்லிப் பழகிவிட்டுப் பிறகு கையால் அடிப்பதுதான் அங்கே கற்பிக்கும் முறை. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவருக்கு இது முதல் நாளே பழகிவிடும். இந்த 'தோகோ'வின் இரண்டு அடிகளும் சம அளவில் இருப்பதில்லை. முதல் அடி கொஞ்சம் நீளம், இரண்டாவது குறுகல். எவ்வளவு நீளம் என்பதற்கு வாய்ப்பாடு இல்லை. மெதுவாகப் போகும்போது கிட்டத்தட்ட திஸ்ர நடையின் சாயல் வரும். வேகம் ஏற ஏற சமமாகிக்கொண்டே போகும். ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு இந்த அளவு மாறும். ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர் வாசிப்பைக் கேட்ட உடனே 'இது நம்மூர் இல்லை' என்று சொல்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

இப்போது இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எலெக்ட்ரானிக் இசை செய்பவர் முதலில் செய்வது, அடிகளை எல்லாம் சதுரக் கட்டங்களில் நேராக உட்காரவைப்பது. பதினாறு சம பாகங்கள். அந்த நிமிடமே ஜியுச்சியின் நடை செத்துவிடும். மிஞ்சுவது பெரிய தோல் வாத்தியம் ஒன்றின் பெரிய சத்தம். ஹாலிவுட் டிரெய்லர்களில் பூமி பிளக்கும் இடத்தில் எல்லாம் ஒரு 'டூம்' கேட்கிறோமே, அதில் பெரும்பாலும் தைகோ பதிவுகள்தான் இருக்கின்றன. டிட்ஜெரிடூவோடு வாசிப்பதால் தைகோ கெட்டுவிடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் இந்த டிரெய்லர் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, அடிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம். ஜப்பானிய இசைக்காரர்கள் அதை 'மா' என்பார்கள். தத்துவ விளக்கங்களை விட்டுவிட்டு நடைமுறையைச் சொல்கிறேன். ஓதைகோவில் ஓர் அடி விழுந்தால் அதன் ஒலி அடங்க நேரம் பிடிக்கும். அடுத்த அடி எப்போது விழ வேண்டும் என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. முந்தைய ஒலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வாசிப்பவரின் மூச்சு எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நோ நாடக முரசில் இது உச்சத்துக்குப் போகும். வாசிப்பவர்கள் 'யோ', 'ஹோ' என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள். புதிதாகக் கேட்பவருக்கு உற்சாகக் கூச்சல் போலத் தோன்றும். உண்மையில் இடைவெளி எவ்வளவு இழுக்கப்படுகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டும் அடையாளம் அது. பக்கத்தில் டிரம் செட்டும் பாஸ் கிட்டாரும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வெற்றிடத்துக்கு இடமே இருக்காது. தோற்றுப்போகும் கலப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன: எல்லோரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்தச் சிக்கலை இசையமைப்பாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். தாகெமித்சு தோரு 1967-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குக்காக பீவா என்ற நரம்பு வாத்தியம், ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் ஆகிய இரண்டு ஜப்பானிய வாத்தியங்களையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவையும் வைத்து ஒரு படைப்பு எழுதினார். இரண்டையும் கரைத்து ஒன்றாக்க அவர் முயலவே இல்லை. எதிரெதிராக நிறுத்தினார். ஜப்பானிய வாத்தியங்கள் வாசிக்கும் நீண்ட பகுதியில் ஆர்கெஸ்ட்ரா சும்மா இருக்கும். முரசு விஷயத்தில் இஷீ மாகி 1976-ல் வேறு வழியில் போனார். ஒன்தெகோஸாவுக்காக 'மோனோக்ரோம்' எழுதினார். ஷிமே முரசுகளில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கும் ஒரே சீரான அடிகள்; அவை மெல்ல மெல்லப் பெருகி, ஒன்றிலிருந்து ஒன்று விலகி, மீண்டும் சேரும். அதில் திருவிழாத் தாளம் எதுவுமே இல்லை, முழுக்க முழுக்க நவீன இசை. ஆனால் தைகோக்காரர்களின் உடம்புக் கட்டுப்பாடு இல்லாமல் அதை வாசிக்கவே முடியாது. அதே ஆண்டு அவருடைய முரசு-ஆர்கெஸ்ட்ராப் படைப்பை ஓசாவா செய்ஜி நடத்த, பாஸ்டன் சிம்பொனியோடு டாங்கிள்வுட்டில் வாசித்தார்கள். மோனோக்ரோமை கோடோ இன்னமும் வாசிக்கிறது. ஒருகாலத்தில் அந்நியமாக இருந்தது இப்போது அவர்கள் மரபின் உருப்படி.

ஹயாஷி எய்தெட்சு 1982-ல் தனியாகப் பிரிந்து போனார். 1984-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தார். ஜாஸ் பியானோக்காரர் யமாஷிதா யோசுகேவோடு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ஆர்கெஸ்ட்ராப் படைப்பான பொலேரோவை பியானோவும் முரசும் மட்டும் வைத்து வாசித்திருக்கிறார். இரண்டே பேர் என்பதால் இருவருக்கும் மூச்சு விட இடம் இருக்கிறது. சின்னக் கூட்டணிகளில்தான் தைகோ நன்றாகக் கலக்கிறது என்ற என் எண்ணத்துக்கு அவர் நல்ல உதாரணம். ஆனால் 2000-ல் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் திறந்தவெளிக் கச்சேரியிலும் அவர் முரசு வாசித்தார். அதனால் இதை விதி என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் நடந்தது தனிக் கதை, அதில் கலப்பு என்பது ரசனை சார்ந்ததாக மட்டும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் அங்கே முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை முடிந்தவரை ஜப்பானியத்தனத்தை மறைத்து வாழ்ந்தது. அவர்களுடைய பிள்ளைகள் 1960-களின் உரிமைப் போராட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1968-ல் தனாகா செய்ச்சி சான் பிரான்சிஸ்கோவில் முதல் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பௌத்தக் கோயில் ஒன்றில் கின்னாரா குழு உருவானது. ஜப்பானிலிருந்து முரசு வரவழைக்கக் காசு இல்லை. ஒயின் பீப்பாய்களில் தோல் அடித்தார்கள். இன்றும் வட அமெரிக்கக் குழுக்களில் பலர் பீப்பாய் முரசுகளோடுதான் ஆரம்பிக்கிறார்கள். 1973-ல் வந்த சான் ஹோசே தைகோ, லத்தீன், ஆப்பிரிக்க, ஜாஸ் தாளங்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் வளர்ந்த தெருவில் கேட்ட இசை அதுதான். அவர்களைப் பார்த்து 'ஏன் கலக்கிறீர்கள்' என்று கேட்பதில் பொருள் இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ்காரரான கென்னி எண்டோவையும் தேடிக் கேளுங்கள். டிரம் செட்டில் தொடங்கி அமெரிக்கத் தைகோவுக்கு வந்து, பிறகு ஜப்பானில் பத்தாண்டுகள் இருந்து, எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) திருவிழா இசையையும் கபுகியின் மேடை முரசையும் முறையாகப் படித்தவர். அந்த மேடை முரசு மரபில் கலைப்பெயர் வழங்கப்பட்ட முதல் வெளிநாட்டுக் குடிமகன். அதற்குப் பிறகுதான் ஹவாயில் உட்கார்ந்து வைப்ரபோன், ஜாஸ், லத்தீன் தாளம் எல்லாவற்றோடும் எழுத ஆரம்பித்தார். அவர் இசையில் எந்த இடத்தில் ஜப்பானிய நடை வளைகிறது, எந்த இடத்தில் மற்றவர் நடைக்கு வழிவிடுகிறது என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும். எனக்குத் தெரிந்த கலப்புகளில் மிக நேர்த்தியானது அதுதான்.

கோடோவும் சும்மா இருக்கவில்லை. 1988 முதல் சாதோ தீவில் எர்த் செலிப்ரேஷன் என்ற விழாவை நடத்தி, பல நாட்டுக் கலைஞர்களை அழைத்துச் சேர்ந்து வாசிக்கிறார்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் போன்றவர்கள் அவர்களுடைய பதிவுகளை ரீமிக்ஸ் செய்தார்கள். என் காதுக்கு அது பெரும்பாலும் முரசைச் சாயமாகப் பூசிய வேலை. 2001-ல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் தயாரித்த கோடோ ஆல்பத்தில் ஜாகிர் ஹுசேன், பிரேசிலின் ஐர்தோ மொரேய்ரா, புவெர்ட்டோ ரிக்கோவின் ஜொவானி ஹிதால்கோ எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். கேட்டால் சில இடங்களில் ஒரே நெரிசல். ஆனால் தபலாவின் விரல்நுனி ஒலிகளும் ஷிமேயின் கூர்மையான ஒலியும் ஒன்றையொன்று துரத்தும் இடங்கள் அற்புதம். காரணம் எளிது: இரண்டும் மேல்தளத்தில் வேறு வேறு உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன, மோதிக்கொள்வதில்லை.

கேள்வியில் சொன்ன காணொளி கோக்கூ குழுவுடையதாக இருக்கலாம் என்று விவரணையை வைத்து ஊகிக்கிறேன். அசானோ கவோரி தலைமையில் 1997-ல் தொடங்கிய, பெண்கள் முன்னிற்கும் டோக்கியோக் குழு அது. டிட்ஜெரிடூ அவர்களிடம் உண்டு. ஜூனோ ரியாக்டர் என்ற எலெக்ட்ரானிக் இசைக்குழுவோடு சேர்ந்து அவர்கள் வாசித்தது 2003-ல் வந்த இரண்டாவது மேட்ரிக்ஸ் படத்தின் சண்டைக் காட்சி ஒன்றில் வருகிறது. டிரான்ஸ் இசைக் கூட்டத்தை ஆட வைப்பதுதான் அவர்கள் நோக்கம், அதற்கு ஏற்ப ஒரே சீரான ஓட்டத்தை அவர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு யாரோ கம்ப்யூட்டரில் நேராக்கியது அல்ல. டிட்ஜெரிடூ நீண்ட ஒற்றைச் சுருதியாக அடியில் கிடப்பதால் முரசுக்கு இடையூறும் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தது என்றால் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

உரிமை பற்றிய கேள்வி ஒன்று மீதமிருக்கிறது, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பொதுவான தைகோ பாணி யாருடையதும் அல்ல. ஆனால் ஊர்ப் பெயர் சொல்லும் உருப்படிகள் வேறு. மியாகே தீவின் முரசு வாசிப்பு, தாழ்ந்து அகன்று நின்று கிடைமட்ட முரசை இருபுறமும் அடிப்பது, அந்தத் தீவின் சாமி ஊர்வலத்துக்குச் சொந்தம். 2000-ல் எரிமலை வெடித்துத் தீவு முழுவதும் காலி செய்யப்பட்டு, மக்கள் 2005-ல்தான் திரும்ப முடிந்தது. அந்த வாசிப்பை உலகம் முழுக்க எடுத்துப் போனவை மேடைக் குழுக்கள். தீவைச் சேர்ந்த ஆசிரியர்களும் இப்போது வெளியே வகுப்பு எடுக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள வழி இருக்கும்போது யூடியூபில் பார்த்து எடுத்து, மேலே கிட்டார் போட்டு, 'மியாகே ஃப்யூஷன்' என்று பெயர் வைப்பது சரியல்ல. சட்டப்படி குற்றமா என்பது வேறு விஷயம். மரியாதை இல்லாத வேலை.

இன்னொன்று, முரசைச் செய்தவர்கள். ஜப்பானில் தோல் வேலையும் அதனால் முரசுத் தோல் வேலையும் நீண்ட காலம் புராகு சமூகத்தினர் மேல் சுமத்தப்பட்டு, அதற்காகவே அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். கோயிலில் முரசு புனிதம், செய்தவர் தீட்டு. தமிழில் வாசிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒசாகாவின் நானிவா பகுதியில் முரசு செய்பவர்களின் ஊரிலிருந்து இளைஞர்கள் 1987-ல் 'இகாரி' என்ற குழுவைத் தொடங்கி, செய்த கைகளே வாசிக்கவும் செய்யும் என்று மேடை ஏறினார்கள். மரபு, புனிதம் என்று பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும். தூய்மை வாதத்தின் மேல் எனக்கு ஒவ்வாமை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் குழுவுக்கு. நகாதோ வாங்க ஆசைப்படாதீர்கள், குறைந்தபட்சம் முதலில் வேண்டாம். ஒரே மரத்தைக் குடைந்து செய்து, தோலை ஆணி அடித்துப் பொருத்தியது அது. விலை ஏகத்துக்கு ஏறும், சுருதியும் மாற்ற முடியாது. பெரிய கெயாகி மரங்கள் அரிதாகிவிட்டதால் ராட்சச முரசுகளுக்கு ஆப்பிரிக்க புபிங்கா மரத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஓகேதோ வகை உங்களுக்குப் பொருந்தும். பலகைகளைச் சேர்த்துக் கட்டி, கயிற்றால் தோலை இழுத்தது. எடை குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், கயிற்றை முறுக்கிச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். கூடவே ஒரு ஷிமே, கயிற்றுக்குப் பதில் போல்ட் வைத்தது. கயிற்று ஷிமேயை இறுக்க இரண்டு பேரும் நல்ல புஜமும் வேண்டும்.

பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கும் பாட்டில் பெரிய முரசை விடாமல் வாசிக்க வைக்காதீர்கள். மூன்றும் ஒரே கீழ்த்தளத்தில் கிடந்து சேறாகிவிடும். ஒன்று கிக்கை நிறுத்துங்கள், அல்லது பெரிய முரசைப் பல்லவி திரும்பும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மைக் வைப்பவரிடம் முரசின் இரண்டு முகங்களுக்கும் மைக் கேளுங்கள், ஆனால் பின் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பச் சொல்ல மறக்காதீர்கள். முன் தோல் உள்ளே போகும்போது பின் தோல் வெளியே வரும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் அடியின் கனம் காணாமல் போகும், எங்கே போனது என்று தெரியாமல் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். புல்லாங்குழலும் சேர்ப்பதாக இருந்தால், ஷினோபுயே என்ற ஜப்பானிய மூங்கில் குழலில் திருவிழாப் பாணித் துளைகளுள்ளது, மேற்கத்திய சுரத்துக்குச் சரிசெய்தது என இரண்டு வகை உண்டு. கீபோர்டோடு வாசிக்க இரண்டாவது வகைதான் வேண்டும். எட்டாம் எண் குழல் சி ஸ்கேலுக்குப் பொருந்தும்.

காதுக்குள் சீராகத் தாளம் தட்டும் கிளிக் ட்ராக் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஷிமே வாசிப்பவர் காதில் மட்டும் கொடுங்கள், மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிக்கட்டும். ஒத்திகையின் முதல் சில நாட்கள் முரசே வேண்டாம், எல்லோரும், கிட்டார்காரர் உட்பட, வாயால் 'தோன் தோகோ' சொல்லிப் பழகட்டும். அதில் இடைவெளிக்கும் 'சு' என்று ஓர் அசை உண்டு, அதையும் விடாமல் சொல்ல வேண்டும். கிட்டார்காரர் அந்த 'சு'வில் கையை வைக்காமல் இருக்கப் பழகிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.